கைகால் விறைக்கிறதா? எந்த நேரத்தில் விறைத்தது என்று முதலில் பாருங்கள்

கல்குடாவில் எங்கள் வீட்டு வேப்பமரத்தில் தண்ணீர் புகாத ட்ரைசூட் உடுப்பு ஒன்றைக் காயப் போட்டிருந்தேன். கடைக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆச்சி படலையடியில் நின்று பார்த்தார். "என்ன மனே இது, ரொக்கெட்டில போற உடுப்பா?" குளிர்தண்ணிக்குள் சுழியோடப் போடுவது என்றேன். "கடல் எங்கயாச்சும் குளிருமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆச்சி சொன்னதில் பிழை இல்லை. பாசிக்குடா, கல்குடாப் பக்கம் சுழியோடும் பருவத்தில் கடல் 28 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். வாடை தொடங்கிவிட்டால் கடல் கொந்தளித்துக் கலங்கும், இறங்க வழியில்லை. ஆகவே குளிர்நீர் என்றால் என்னவென்று எங்கள் பொடியன்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. கையுறை என்பது அவர்களுக்கு, இறங்கு கயிறு உள்ளங்கையை உரசாமல் இருக்கப் போடுகிற மெல்லிய சாமான். அதே பொடியன்கள் கனடாவுக்கோ நோர்வேக்கோ போகிறார்கள், ஆசைப்பட்டு அங்கே ஒரு டைவ் இறங்குகிறார்கள், பத்து நிமிடத்தில் விரல் மரக்கட்டையாகிறது. பிறகு எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் வருகிறது. நான் ரொறன்ரோவில் இருந்த ஒன்பது வருடமும் கோடை வந்தால் ஹூரோன் ஏரியில், ரொபர்மோரியில் கிடந்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக வந்த குரல் என் மருமகனுடையது. நோர்வேயில், பேர்கனில் இருக்கிறான். "மாமா, விரல் இருக்கா இல்லையா எண்டே தெரியல்ல. இன்னும் தடிச்ச குளவ்ஸ் வாங்கட்டா?" எல்லோரும் கேட்கும் கேள்விதான். என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதே, எந்த நேரத்தில் விறைத்தது என்று சொல். இறங்கிய உடனேயா, ஆழம் போன பிறகா, அரை மணி கழித்தா, மேலே வந்த பிறகா? குளிர் வந்த நேரம்தான் பிழை இருக்கும் இடத்தைக் காட்டும். பாதித் தடவை அது கையுறையிலேயே இருக்காது.

காரணத்தை வயல்காரருக்குச் சொல்வது சுலபம். உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் குறைந்த போகத்தில் முதலில் காய்வது வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயல்தான். வட்டவிதானை எப்படிப் பங்கிட்டாலும் அங்கே வந்து சேராது. உடம்பும் அப்படித்தான். நெஞ்சும் வயிறும் குளிரத் தொடங்கியதும், கைகாலுக்குப் போகும் இரத்தக் குழாய்களை உடம்பு தானாகவே இறுக்கிச் சூடான இரத்தத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். விரலில் சூடு உண்டாக்கும் அளவுக்குத் தசை இல்லை, வருகிற இரத்தம்தான் அதற்குச் சூடு. அதுவும் நிற்பது தண்ணீருக்குள். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வாய்க்கால் அடைபட்ட பிறகு தடித்த கையுறை போடுவது, காய்ந்த வயலுக்கு வரப்பு உயர்த்துவது மாதிரி.

சரி, இனி ஒவ்வொன்றாக.

இறங்கி ஒன்றிரண்டு நிமிடத்திலேயே விறைக்கிறது

இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, கையுறைக்குள் தண்ணீர் ஓடுகிறது. வெட்சூட் வகைக் கையுறைக்குள், அதாவது நியோப்பிரீன் என்ற நுரை ரப்பரில் செய்ததற்குள், தண்ணீர் வருவது பிழையல்ல. வந்த தண்ணீர் அங்கேயே தங்கி உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக வேண்டும், அதுதான் அதன் வேலை. மணிக்கட்டை மடக்கி நீட்டும்போதெல்லாம் உள்ளங்கையில் புதிதாக ஒரு குளிர் ஊர்வது தெரிந்தால் தண்ணீர் போய்வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கையுறையின் கழுத்தும் உடுப்பின் கையும் நாலு விரல் அகலமாவது ஒன்றுக்குள் ஒன்று போயிருக்க வேண்டும். விரல் நுனியில் வெற்றிடம் இருக்கும் பெரிய கையுறையும் இதையே செய்யும். ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் அந்த வெற்றிடம் பம்பு மாதிரி உறிஞ்சித் துப்பும். அதற்காக ஒரு அளவு சிறிதாக வாங்கினால் வேறு தொல்லை. கையைப் பொத்திப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் தாமாகவே விரிந்துகொள்ளப் பார்த்தால் கையுறை சிறிது, அது இரத்தத்தை நெரிக்கும்.

இரண்டாவது காரணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: தண்ணீரில் இறங்கும் முன்பே கை குளிர்ந்துவிட்டது. காற்றடிக்கும் படகில் வெறுங்கையோடு நின்று, உலோகச் சிலிண்டரைத் தூக்கி, மூச்சு எடுக்கும் ரெகுலேட்டரைப் பூட்டி, நனைந்த பட்டியை இழுத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கையுறை போடுகிறோம். அதற்குள் இரத்தக் குழாய் சுருங்கியாகிவிட்டது. 5 பாகைத் தண்ணீருக்குள் போய் அது திரும்ப விரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பூட்டுகிற வேலையை வீட்டிலேயே அல்லது காருக்குள்ளேயே முடியுங்கள். படகில் செய்யத்தான் வேண்டும் என்றால் சாதாரணக் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். சுழியோடும் கையுறை கார் ஹீட்டர் பக்கத்தில் கிடக்கட்டும்.

அப்புறம், ஒரு சுடுதண்ணிப் போத்தல். இதைவிட மலிவான சாமான் இந்த முழு வேலையிலும் கிடையாது. இறங்குவதற்குச் சற்று முன் இரண்டு கையுறையிலும், வெட்சூட் என்றால் காற்சப்பாத்திலும், வெந்நீரை ஊற்ற வேண்டும். எவ்வளவு சூடு? பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவோமே, அந்தச் சூடு. கையை நுழைக்கும்போது மணிக்கட்டு வழியாக மிச்சம் வழியும், விரலிடுக்கில் நிற்பது நிற்கும். ஏரித் தண்ணீர் உள்ளே வரும்போது இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். சூடு பார்ப்பதற்கு உங்கள் விறைத்த விரலை நம்பாதீர்கள், அதற்குச் சூடு தெரியாது. முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு விரல்

பெரும்பாலும் ஓட்டை, அல்லது தையல் விட்டுப் போனது. துருப்பிடித்த கப்பலைப் பிடித்துப் பழகிய கைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். கண்ணால் தேடினால் கிடைக்காது. கிணற்றடியில் ஒரு வாளி போதும். உலர்ந்த வகைக் கையுறையை, அதாவது தண்ணீர் புகாத ரப்பர்க் கையுறையை, கழுத்தில் முறுக்கிப் பிடித்தால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு மாட்டுமடி மாதிரி விரல்கள் புடைக்கும். அப்படியே தண்ணீருக்குள் அமுக்கி ஒவ்வொரு விரலாக நசுக்குங்கள். பெரிய ஓட்டை குமிழி விடும். குமிழி வராவிட்டால் வெளியே எடுத்துச் சவர்க்கார நுரையைத் தடவிவிட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். என்னுடையதில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கடுகளவு வெள்ளை நுரை மெல்ல மெல்லப் பூத்தது. அந்த ஊசிமுனை ஓட்டைக்காகத்தான் ஒரு கோடை முழுதும் இடது கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நியோப்பிரீன் கையுறை என்றால் உள்ளே தண்ணீர் நிரப்பி வெளியே எங்கே கசிகிறது என்று பார்த்தால் சரி. நியோப்பிரீன் பசையை மெல்லியதாக இரண்டு தடவை பூச வேண்டும், முதல் பூச்சுக் காய்ந்த பிறகு இரண்டாவது. ஒரேயடியாக அப்பினால் மடங்கும் இடத்தில் வெடிக்கும்.

ஓட்டை இல்லை, ஆனாலும் ஒரு விரலோ இரண்டு விரலோ கோடு போட்ட மாதிரி வெள்ளையாகி, பிறகு நீலமாகி, சூடேறும்போது சிவந்து வலிக்கிறது என்றால் விஷயம் வேறு. ரேனோ என்ற கோளாறு அப்படி இருக்கும். குளிர் பட்டதும் விரலின் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடும். கையுறை மாற்றி மாற்றிப் பணத்தைக் கொட்டாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

மேலே சரி, ஆழம் போனதும் பிழை

நியோப்பிரீன் சூட்டைத் தடுப்பது ரப்பரால் அல்ல, அதற்குள் இருக்கும் வாயுக் குமிழிகளால். 10 மீற்றரில் அமுக்கம் இரண்டு மடங்கு, குமிழி பாதியாகச் சுருங்கும். 30 மீற்றரில் நாலு மடங்கு. கடையில் 5 மில்லிமீற்றர் என்று விலை கொடுத்து வாங்கியது கீழே போனதும் கடதாசியாகிவிடும். ஏரிகளில் இதோடு இன்னொன்றும் சேரும். நன்னீர் 4 பாகையில்தான் மிகக் கனமாக இருக்கும், ஆகவே கோடையிலும் ஆழத்தில் அந்த 4 பாகைத் தண்ணீரே தங்கியிருக்கும். ரொபர்மோரியில் 1884இல் தாண்ட அரேபியா என்ற பாய்க்கப்பல் 30 மீற்றருக்குக் கீழே கிடக்கிறது. ஆவணி மாதம் மேலே பிள்ளைகள் நீந்திக் குளிக்கும், கீழே கப்பலின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளுக்குப் பல் கிட்டும்.

ஆகவே ஆழம் போகிறவருக்கு வெட்சூட் கையுறை ஒரு அளவுக்குத்தான். உலர்ந்த கையுறையும் ட்ரைசூட்டும் வேண்டும். பிழைபார்க்கிற விஷயத்தில் உலர்ந்த கையுறைக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு: ஆழம் போகப் போக அதற்குள் இருக்கும் காற்றும் சுருங்கும். உள்ளே போட்டிருக்கும் கம்பளிக் கையுறை தட்டையாக ஒட்டிக்கொள்ளும், விரலிடுக்கில் தோல் கிள்ளுப்படும், மேலே வந்து பார்த்தால் மடிப்பு மடிப்பாகச் சிவந்திருக்கும். கை நனையவே இல்லை, ஆனாலும் விறைக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்தச் சிவப்புக் கோட்டைத்தான்.

மருந்து சின்னது. ட்ரைசூட்டின் கையில் தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் மணிக்கட்டு ரப்பருக்கு அடியில் மெல்லிய மென்குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள், விரல் நீளம் போதும். உடுப்புக்குள் இருக்கும் காற்று அது வழியாகக் கையுறைக்குப் போகும். கீழே போனதும் ஒரு தடவை கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் விரல்கள் திரும்ப உப்புவது தெரியும். இதற்கும் ஒரு விலை உண்டு: கையுறை கிழிந்தால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் முழங்கை வரை வரும். துருக் கப்பலுக்குள் போகிற நாளில் நான் குழாயைக் கழற்றிவிடுவேன், சும்மா ஏரிச் சுவரைப் பார்க்கப் போகிற நாளில் போடுவேன்.

அரை மணிக்குப் பிறகு, மெதுவாக, இரண்டு கையிலும்

மருமகனின் பிழை இதுதான். இறங்கும்போது நன்றாக இருந்ததாம், இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நுனி விரலிலிருந்து ஆரம்பித்ததாம், இரண்டு கையும் ஒரே மாதிரி. கை நனையவில்லை, கிள்ளவும் இல்லை. அப்படியென்றால் கையில் தேடக் கூடாது. நெஞ்சில் தேட வேண்டும்.

"உள்ளுக்கு என்ன போட்டாய்?"

"அண்டர்சூட் போட்டன் மாமா. அதுக்குள்ள பெனியன்."

"என்ன பெனியன்?"

"ஊரில இருந்து கொண்டுவந்த பெனியன்தான்."

பருத்தி. கார் நிறுத்திய இடத்திலிருந்து கரைக்குப் பாறை மேல் சிலிண்டரைச் சுமந்து போயிருக்கிறான். ட்ரைசூட்டுக்குள் வியர்வை போக வழியில்லை. பெனியன் அதை முழுக்க உறிஞ்சி நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. அதாவது உலர்ந்த உடுப்புக்குள் ஈரத்துணி சுற்றிக்கொண்டு 5 பாகைத் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். எங்கள் வெயிலுக்குப் பருத்தியைவிட நல்லது இல்லை, அங்கே அதைவிடக் கெட்டது இல்லை. மெரினோக் கம்பளி அல்லது வியர்வையை வெளியே தள்ளும் செயற்கை நூல் உடுப்பு மட்டும் தோலில் பட வேண்டும். கரைக்குப் போகும்வரை கழுத்தைப் பூட்டாமல் நடக்கச் சொன்னேன், சாமானை இரண்டு தடவையாகச் சுமக்கச் சொன்னேன். அடுத்த கிழமை அதே கையுறையோடு நாற்பது நிமிடம் நின்றதாகக் குரல் அனுப்பினான்.

நெஞ்சுக்கு அடுத்தது தலை. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகும் என்று பழைய கதை ஒன்று உண்டு. தலை உடம்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது, பாதியெல்லாம் போகாது. ஆனால் விரலின் குழாய் இறுகுவது போலத் தலைத்தோலின் குழாய்கள் இறுகுவதில்லை, அங்கே சூடு போனபடியே இருக்கும். கழுத்தில் தண்ணீர் ஓடாத, முகத்தைச் சுற்றி ஒட்டிப் பிடிக்கும் 7 மில்லிமீற்றர்த் தலையுறை போட்டுப் பாருங்கள்; கை சூடாகும். காசு இருந்தால் மின்கலத்தில் சூடாகும் கையுறைக்கு முன்னால் சூடாகும் உள்மேலாடையை வாங்குங்கள். தலைமடையில் தண்ணீர் இருந்தால் கடைமடைக்குத் தானாக வரும்.

ஆழக் கலவை வாயு பாவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹீலியம் கலந்த வாயுவை ட்ரைசூட்டுக்குள் ஊதாதீர்கள். ஹீலியம் காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு சூட்டைக் கடத்தும். உடுப்புக்கென்று சின்னச் சிலிண்டரில் காற்றுக் கொண்டுபோங்கள்.

வெறும் வயிற்றோடு இறங்குவது, முதல் நாள் குடித்தது, இறங்குவதற்கு முன் ஒரு சிகரெட், இதெல்லாம் கைக்கு வந்து சேரும். நிக்கொட்டின் குழாயைச் சுருக்கும். சாராயம் தோலின் குழாயை விரித்து உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடும், குடித்தவருக்கு மட்டும் சூடாக இருப்பது போலத் தோன்றும். சீனி போட்ட பிளேன்டீயும் நாலு துண்டு பாணும் போதும்.

கால் மட்டும் விறைக்கிறது

இதில் நான் பட்ட பாடே உதாரணம். முதல் வருடம் ரொபர்மோரியில் கால் குளிர்ந்தது என்று இரண்டாம் நாள் இரண்டு சோடி மேசு போட்டேன். இன்னும் குளிர்ந்தது. மூன்றாம் நாள் மூன்று சோடி, கால் சப்பாத்துக்குள் போகாமல் ஒருவர் தள்ளிவிட்டார். அன்று மேலே வந்து கழற்றியபோது பாதம் மெழுகு நிறம். மேசின் பின்னல் கோடு தோலில் அச்சடித்த மாதிரி இருந்தது. சூட்டைத் தடுப்பது துணி அல்ல, துணிக்குள் நிற்கும் காற்று; நான் காற்றையும் நசுக்கி இரத்தத்தையும் நெரித்திருந்தேன். நல்ல தடித்த கம்பளி மேசு ஒன்று, சப்பாத்துக்குள் கால்விரலை ஆட்ட இடம், இவ்வளவுதான் கணக்கு.

சப்பாத்து சரி, ஆனாலும் குளிர்கிறது என்றால் துடுப்புச் சப்பாத்தைப் பாருங்கள். இங்கே வெறுங்காலுக்கு வாங்கிய துடுப்பில் தடித்த சப்பாத்தைத் திணித்தால் மேல்பாதம் நசுங்கும். வார் இறுக்கமும் அப்படியே.

ட்ரைசூட்காரர்கள் தண்ணீருக்குள் நிற்கும் முறையையும் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் கால் தோளைவிட ஒன்றரை மீற்றர் ஆழத்தில் இருக்கும். உடுப்பில் இருக்கும் காற்று முழுக்கத் தோளுக்கு ஏறிவிடும், காலடியில் துணி ஒட்டிப் போகும். படுத்த வாக்கில் மிதந்தால் காலுக்கும் பங்கு கிடைக்கும். அதற்காகக் காலுக்குக் காற்றை நிரப்பிவிடாதீர்கள், தலைகீழாக மேலே போய்விடுவீர்கள்.

இறங்கும் முன் குளிர்ந்த பாறையிலோ படகின் உலோகத் தட்டிலோ மேசோடு நிற்பதும் கூடாது. நான் ஒரு அரிசிச் சாக்கை மடித்துக் கொண்டுபோவேன். கனடாக்காரர்கள் சிரித்தார்கள், இரண்டாம் வாரம் அதில் நிற்க இடம் கேட்டார்கள்.

கை சொல்வதைக் கேட்கவில்லை

விறைப்பைத் தாங்கலாம். விரல் வேலை செய்யாததைத் தாங்கக் கூடாது. காற்று விடும் பொத்தானை அமுக்கினோமா இல்லையா என்று தெரியாமல் போவது, கொளுவியைத் திறக்க இரண்டு தடவை முயல்வது, இந்தக் கட்டத்தில் டைவ் முடிந்தது. நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெருவிரலால் சின்ன விரலின் நுனியைத் தொட்டுப் பார்ப்பேன். தொட முடியாவிட்டால் அதே பெருவிரலைத் துணைவருக்கு உயர்த்திக் காட்டுவேன், மேலே போவோம் என்று.

குளிருக்குப் போகும் பொடியன்களை இதற்காக நான் வாழைச்சேனைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போவதுண்டு. மீன்பெட்டியில் போடும் உடைத்த ஐஸை வாங்கி, பெரிய வாளியில் தண்ணீரோடு கலந்தால் ஏரியைவிடக் குளிரான ஏரி கிடைக்கும். கையுறையோடு இரண்டு கையையும் பத்து நிமிடம் அமுக்க வேண்டும். பிறகு கொளுவியைப் பூட்டித் திறக்க வேண்டும், முகமூடி வாரை இழுக்க வேண்டும், கைக்கணினியின் பொத்தானை அமுக்க வேண்டும். மூன்று விரல் கையுறை நல்ல சூடு, ஆனால் அதோடு சின்னக் கொளுவியைத் திறக்க முடியாது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெரிய கொளுவியாக மாற்றிக்கொண்டு போகலாம். மீன்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து, "தம்பி, எங்கட கை முப்பது வருசமா இதுக்குள்ளதான் கிடக்கு" என்றார். அவர் விரல்களைப் பார்த்தேன், பதில் சொல்லவில்லை.

ஹெர்மிஸ் தரிப்பில் நடுக்கம்

குளிர்நாட்டுக்கே போகாதவர்களுக்கும் இது பொருந்தும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் எங்கள் கடலில் சுமார் 53 மீற்றரில் கிடக்கிறது. கீழே நிற்பது கொஞ்ச நேரம், திரும்பும் வழியில், உடம்பில் ஏறிய நைதரசன் மெல்ல இறங்கட்டும் என்று, கயிற்றைப் பிடித்துத் தரித்து நிற்பது வெகு நேரம். 28 பாகைத் தண்ணீர்தானே என்று மெல்லிய மேற்சட்டையோடு போனவர்கள் 6 மீற்றரில் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அசையாமல் இருக்கும் உடம்பு சூட்டை இழக்காமல் இருக்கத் தண்ணீர் 33 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். மிச்ச ஐந்து பாகையையும் உங்கள் உடம்புதான் கட்டுகிறது.

இது வெறும் வசதிக் குறைவு அல்ல. அமெரிக்கக் கடற்படையின் சோதனைச் சுழியோடிப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வு, கீழே சூடாக இருந்து தரிப்பில் குளிர்ந்தவர்களுக்கே பென்ட்ஸ், அதாவது இறங்காத நைதரசன் உடம்புக்குள் குமிழியாகி வரும் நோய், அதிகம் என்று காட்டியது. கீழே வேலை செய்யும்போது இரத்தம் எங்கும் ஓடி நைதரசனை ஏற்றுகிறது. தரிப்பில் கைகாலின் குழாய் இறுகியதும் அதை இறக்க வழியில்லை. ஆகவே ஹெர்மிஸுக்குப் போவதென்றால் 5 மில்லிமீற்றர் முழு உடுப்பு, மெல்லிய தலையுறை. போட்டில் ஏறியதும் நனைந்ததைக் கழற்றித் துடைத்துக்கொண்டு காற்றுப் படாமல் போர்த்துங்கள்.

மேலே வந்த பிறகு நோவும் ஊசிக் குத்தலும்

விறைத்த கை சூடேறும்போது ஊசி குத்தும், சில நேரம் கண்ணீர் வரும் அளவுக்கு. இரண்டு கையிலும் சமமாக, சூடேற ஏறக் குறைந்துகொண்டு போனால் பயமில்லை. அக்குளுக்குள் கையை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இளஞ்சூட்டுத் தண்ணீரில் விடுங்கள். கொதிநீர் வேண்டாம், நெருப்பில் காட்டவும் வேண்டாம். ஆழமான டைவ் என்றால் உடனே சுடுதண்ணீரில் குளிப்பதையும் தள்ளிப் போடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் விறைப்பு, சூடேறிய பிறகும் போகாத குத்தல், தோளிலோ முழங்காலிலோ ஆழமான நோவு, தோலில் தடிப்பு, கால் தள்ளாடுவது, சிறுநீர் போகாமை: இவை பென்ட்ஸாக இருக்கலாம், எதையும் குளிர் என்று சொல்லிச் சமாளிக்கக் கூடாது. உடனே ஒட்சிசன் கொடுத்து டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும். "விறைப்புத்தான், நாளைக்குச் சரியாயிடும்" என்று படுத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். இப்போதும் அவருக்கு இடது கால் ஒரு அடி பின்னால்தான் வரும்.

மிச்சச் சில்லறைகள்

கோடாலித் தைலம் தடவினால் எரியும், சூடாகாது. உலுக்கினால் சூடாகும் பொதிகளுக்கு ஒட்சிசன் வேண்டும், ஆகவே நனைந்த கையுறைக்குள் அவை செத்துப் போகும். உலர்ந்த கையுறைக்குள் அமுக்கம் கூடியதும் அளவுக்கு மீறிச் சூடாகித் தோலைச் சுடலாம், விறைத்த விரலுக்கு அது தெரியவும் மாட்டாது. வெட்சூட்டுக்குள் சிறுநீர் விட்டால் சூடாக இருக்கும் என்பவர்களுக்கு: அது உங்கள் சூடுதான், வெளியே ஊற்றுகிறீர்கள். எல்லோரும் செய்வதுதான், ஆனால் கணக்குக்கு லாபம் இல்லை.

மணிக்கட்டு ரப்பர் லேடெக்ஸ் என்றால் எண்ணெய் ஆகவே ஆகாது. எங்கள் ஊரில் கையில் தேங்காய் எண்ணெய் இல்லாத நேரமே குறைவு. இங்கிருந்து போகிற பொடியன்கள் ரப்பர் இறுக்கமாக இருக்கிறது என்று எண்ணெய் பூசிக் கையை நுழைப்பார்கள். சில மாதத்தில் ரப்பர் பிசுபிசுத்து ஊறிவிடும், பிறகு கையெல்லாம் தண்ணீர். பவுடர் அல்லது தண்ணீரில் கரைத்த சவர்க்காரம் பாவியுங்கள்.

வெயிலும் அந்த ரப்பருக்கு எண்ணெய் மாதிரித்தான். வேப்பமரத்தில் காயப் போட்டது என் பிழை, ஒரே பருவத்தில் கழுத்து ரப்பர் வெடித்தது. இப்போது அந்த உடுப்பு நெல்மூட்டை வைக்கும் அறையில், பவுடர் பூசி, நிழலில் தொங்குகிறது. எலிக்குத்தான் ஒரு வழி பார்க்க வேண்டும்.